அப்பர் கனடாவின் பழைய சட்டங்களைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கனடாவில் குடியுரிமைப் பரீட்சைக்குப் படித்தவர்களுக்கு ஒரு வரி நினைவிருக்கும். 1793இல், துணை ஆளுநர் சிம்கோவின் காலத்தில், பிரித்தானியப் பேரரசிலேயே அடிமை முறையை ஒழிக்கும் திசையில் முதலில் நகர்ந்த மாகாணம் அப்பர் கனடா என்று அந்தக் கையேடு சொல்லும். பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் அந்தச் சட்டம் எப்படி நிறைவேறியது, ஊரில் அதை யார் நடத்தினார்கள் என்று ஒரு படி மேலே போய்க் கேட்டீர்களானால் பழைய ஆவணங்களுக்குள் இறங்கத்தான் வேண்டும். அங்கே "33 ஜோர்ஜ் III, அத்தியாயம் 2", "ஹோம் மாவட்டம்", "நகரக் காவலர்" என்று ஒன்றும் பிடிபடாத பெயர்களாக வரும். பலர் அந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுகிறார்கள்.

இன்றைய தென் ஒன்ராறியோதான் அன்றைய அப்பர் கனடா. உங்கள் தெருவின் கதை, உங்கள் ஊரின் முதல் வரிப் பட்டியல், பழைய நிலத் தகராறு என்று எதைத் தேடினாலும் கீழே சொல்லும் வரிசையில் போனால் வழி தவறாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டமன்றத்தைப் படித்தால் அரசாங்கம் புரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அந்த மாகாணத்தை நாளாந்தம் நடத்தியவர்கள், யாரும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுக்காத நீதவான்கள். எந்தச் சட்டத்தை எடுத்தாலும் அது கடைசியில் எந்த நீதவானின் மேசைக்குப் போகிறது என்று பார்த்துக்கொண்டே போங்கள்.

முதலில் வரைபடம்

1791 வரை கியூபெக் என்று ஒரே மாகாணம்தான். அமெரிக்கப் புரட்சியில் தோற்ற தரப்பைச் சேர்ந்த அரச விசுவாசிகள் ஆயிரக்கணக்கில் மேற்கே வந்து குடியேறினார்கள். பிரெஞ்சு நிலச் சட்டத்தின் கீழ் வாழ அவர்களுக்கு விருப்பமில்லை. ஆகவே பிரித்தானியப் பாராளுமன்றம் 1791இல் அரசியலமைப்புச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி மாகாணத்தை இரண்டாக்கியது. அது நடைமுறைக்கு வந்தது 1791 டிசம்பர் 26. செயின்ட் லாரன்ஸ் ஆற்றோட்டத்தின் மேல்புறம் இருந்த பகுதி அப்பர் கனடா ஆனது.

அதன் முதல் துணை ஆளுநர் ஜான் கிரேவ்ஸ் சிம்கோ. புரட்சிப் போரில் குவீன்ஸ் ரேஞ்சர்ஸ் படைக்குத் தலைமை தாங்கியவர். 1781இல் யோர்க்டவுனில் கோர்ன்வாலிஸ் சரணடைந்தபோது அந்தப் படையும் கூடவே சரணடைந்தது. (அதே கோர்ன்வாலிஸ்தான் பிறகு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாகப் போய், 1792இல் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டினத்தை முற்றுகையிட்டு, பாராமகாலையும் திண்டுக்கல்லையும் கம்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவர். சேலம் பக்கம் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் எந்தச் சட்டமன்றமும் இல்லாமல் வரி விதித்துக்கொண்டிருந்த அதே ஆண்டில் இங்கே சிம்கோ தேர்தல் நடத்திக்கொண்டிருந்தார். யாருக்குச் சட்டமன்றம், யாருக்குக் கலெக்டர் என்பதில் லண்டனுக்குக் குழப்பமே இருக்கவில்லை.)

வரைபடத்தில் புதியவர்களைக் குழப்புவது, ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும் மூன்று பிரிவுகள். மாவட்டம் என்பது நீதிமன்றத்துக்கும் நிர்வாகத்துக்கும் உரியது. கவுண்டி என்பது தேர்தலுக்கும் ஊர்ப்படைக்கும். டவுன்ஷிப் என்பது நிலம் அளந்து கொடுப்பதற்கும் ஊர்க்கூட்டத்துக்கும். 1788இலேயே, கியூபெக்கின் அன்றைய ஆளுநர் டோர்செஸ்டர் பிரபு நான்கு மாவட்டங்களை வகுத்து லூனன்பேர்க், மெக்லன்பேர்க், நாசோ, ஹெஸ் என்று ஜெர்மன் பெயர்கள் சூட்டியிருந்தார். 1792இல் அவை முறையே ஈஸ்டர்ன், மிட்லண்ட், ஹோம், வெஸ்டர்ன் என்று மாறின. 1798இல் நிறைவேறிய ஒரு சட்டத்தால் 1800 முதல் எட்டு மாவட்டங்கள். ஆகவே ஒரு ஆவணத்தில் "நாசோ" என்று இருந்தாலும் "ஹோம்" என்று இருந்தாலும் அதே நிலப்பரப்பாக இருக்கலாம். 1800க்குப் பிறகு அதிலிருந்து நயாகரா பிரிந்துபோயிருக்கும். முதலில் ஆண்டைப் பாருங்கள், பிறகுதான் பெயர்.

உதாரணத்துக்கு நம்மவர்கள் நிறையப்பேர் வாழும் ஸ்காபரோவையே எடுங்கள். மாவட்டம் ஹோம், கவுண்டி யோர்க், டவுன்ஷிப் ஸ்காபரோ. அந்த டவுன்ஷிப்புக்கு முதலில் கிளாஸ்கோ என்றுதான் பெயர். ஏரிக்கரைப் பாறைகள் இங்கிலாந்தின் ஸ்காபரோவைப் போல இருக்கின்றன என்று சிம்கோவின் மனைவி எலிசபெத் சொல்லப்போய் 1793இல் இந்தப் பெயர் வந்தது. எக்ளின்டன், லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச், ஸ்டீல்ஸ் என்று ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பெருந்தெரு வருகிறதே, அது அன்றைய நில அளவையாளர்கள் போட்ட கோடு. நூறு சங்கிலி, அதாவது ஒன்றேகால் மைலுக்கு ஒரு வீதி.

இந்த நிலம் வெறுமனே கிடக்கவில்லை என்பதையும் வரைபடத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ரொறன்ரோ பகுதி மிசிசாகா மக்களிடமிருந்து 1787இல் வாங்கியதாகச் சொல்லப்பட்டது. அந்த ஒப்பந்தம் சரியாக இல்லை என்று 1805இல் மறுபடி எழுதினார்கள். கடைசியில் 2010இல்தான் கனடிய அரசு 14.5 கோடி டொலர் கொடுத்து அந்தக் கணக்கை முடித்தது. நாம் படிக்கப்போகும் சட்டமன்றத்தில் இது பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

அடுத்து, சட்டத்தின் எண்

பழைய சட்டங்களுக்கு ஆண்டு எண் கிடையாது, மன்னர் அரியணை ஏறிய கணக்குத்தான். மூன்றாம் ஜோர்ஜ் ஆட்சிக்கு வந்தது 1760 அக்டோபர் 25. ஆகவே அவருடைய 32ஆவது ஆண்டு 1791 அக்டோபர் 25இல் தொடங்கி 1792 அக்டோபர் 24இல் முடியும். குறுக்கு வழி வேண்டுமானால் எண்ணோடு 1760ஐக் கூட்டுங்கள். 32 என்றால் 1792, 33 என்றால் 1793. அக்டோபர் கடைசிக்குப் பிறகு நடந்த கூட்டமென்றால் மட்டும் ஓராண்டு குறைத்துப் பார்க்கவேண்டும். அத்தியாயம் என்பது அந்தக் கூட்டத்தொடரில் நிறைவேறிய வரிசை எண். நான்காம் ஜோர்ஜுக்கு 1820 ஜனவரியிலிருந்தும், நான்காம் வில்லியமுக்கு 1830 ஜூனிலிருந்தும், விக்டோரியாவுக்கு 1837 ஜூனிலிருந்தும் கணக்கு.

இன்னொரு பொறி: பல சட்டங்கள் சில ஆண்டுகளுக்கு மட்டும் என்று காலம் குறித்துப் போடப்பட்டவை. ஆகவே ஒரு சட்டத்தைக் கண்டவுடன் கடைசிப் பிரிவைப் படித்து அது எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். அப்புறம் அடுத்த சில கூட்டத்தொடர்களின் தலைப்புப் பட்டியலில் "திருத்துவதற்கான", "தொடர்வதற்கான", "நீக்குவதற்கான" என்ற சொற்களைத் தேடுங்கள். 1793இல் ஓநாய் கொன்றால் 20 ஷில்லிங், கரடி கொன்றால் 10 ஷில்லிங் என்று வெகுமதி அறிவித்தார்கள்; மூன்று ஆண்டில் கரடிக்கான பகுதியை எடுத்துவிட்டார்கள். முதல் சட்டத்தை மட்டும் படித்தவர் கரடிக்குக் காலமெல்லாம் காசு கொடுத்ததாக எழுதிவிடுவார்.

ஒரு மசோதா எங்கெல்லாம் நிற்கும்

மக்கள் தேர்ந்தெடுத்தது சட்டமன்றத்தை மட்டும். சிம்கோ 1792 ஜூலை 16இல் விட்ட அறிவிப்பில் மாகாணத்தை 19 கவுண்டிகளாகப் பிரித்து 16 உறுப்பினர்களுக்கு இடம் ஒதுக்கினார். கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 40 ஷில்லிங் பெறுமதியான சொந்த நிலம் இருந்தால் வாக்கு. நகரத்தில் ஆண்டுக்கு 5 பவுண் பெறுமதியான வீடும் மனையும், அல்லது ஓராண்டு வசித்து 10 பவுண் வாடகை கட்டியிருக்கவேண்டும். இரகசிய வாக்கு எல்லாம் கிடையாது, எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்லவேண்டும். கடன் கொடுத்த வியாபாரி பக்கத்தில் நின்றால் யாருக்கு வாக்குப் போவது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

சட்டமன்றம் மூன்று முறை படித்து அனுப்பும் மசோதா மேலவைக்குப் போகும். அங்கே குறைந்தது ஏழு பேர், எல்லோரும் நியமனம், ஆயுள் முழுக்கப் பதவி. அதையும் தாண்டினால் துணை ஆளுநர். அவருக்கு மூன்று வழிகள்: ஒப்புதல் தரலாம், மறுக்கலாம், மன்னரின் விருப்பத்துக்கென்று ஒதுக்கி லண்டனுக்கு அனுப்பலாம். ஒதுக்கிய மசோதாவுக்கு இரண்டு ஆண்டுக்குள் லண்டனிலிருந்து சம்மதம் வராவிட்டால் அது செத்தது. சரி, ஒப்புதல் கொடுத்துவிட்டார் என்றால் முடிந்ததா? இல்லை, அதற்குப் பிறகும் இரண்டு ஆண்டு வரை மன்னர் ரத்துச் செய்யலாம். ஒரு சட்டத்தின் கதையை எழுதும்போது இந்த நான்கு கதவுகளிலும் அதற்கு என்ன ஆயிற்று என்று தனித்தனியாகப் பார்க்கவேண்டும். சட்டமன்றத்தில் நிறைவேறி மேலவையில் மடிந்தவையும் உண்டு.

ஆளுநருக்கு ஆலோசனை சொல்ல நிர்வாகக் குழு என்று இன்னொன்று இருந்தது. இதை மேலவையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது சுலபம், ஏனென்றால் ஆட்கள் அநேகமாக ஒன்றுதான். தலைமை நீதியரசர் வில்லியம் ஒஸ்குட், பீட்டர் ரசல், அலெக்சாண்டர் கிரான்ட், ஜேம்ஸ் பாபி ஆகியோர் இரண்டிலும் இருந்தார்கள். ஒஸ்குட் சுரங்க ரயில் நிலையம், பீட்டர் தெரு, பாபி பொயின்ட் என்று ரொறன்ரோ வரைபடத்தில் இவர்கள் இன்னமும் உட்கார்ந்திருக்கிறார்கள், பெயர்களை ஞாபகம் வைக்க அதுவே வசதி.

ஆவணத்தில் ஒரு பெயர் வந்தால் அந்த ஆளுக்கு வேறு என்னென்ன பதவி என்று உடனே ஒரு தாளில் எழுதத் தொடங்குங்கள். இந்தப் பழக்கம் ஒன்றே உங்கள் நேரத்தைப் பாதியாகக் குறைக்கும். கிங்ஸ்டன் வியாபாரி ரிச்சர்ட் கார்ட்ரைட் மேலவை உறுப்பினர், சிம்கோ நியமித்த கவுண்டி லெப்டினன்ட் (அந்தக் கவுண்டியின் ஊர்ப்படைக்குப் பொறுப்பானவர்), அதற்கு முன்பு மாவட்ட நீதிமன்ற நீதிபதி. குவீன்ஸ்டனில் ரொபர்ட் ஹமில்டனும் அப்படியே. சட்டம் செய்தவரும், தீர்ப்புச் சொன்னவரும், ஊருக்கு மாவும் துணியும் கடனுக்கு விற்றவரும் ஒரே ஆள். இதைக் கவனிக்காமல் சட்டத்தை மட்டும் படித்தால் எல்லாம் ஒழுங்காக நடந்த மாதிரித் தெரியும்.

முதல் எட்டுச் சட்டங்கள்

முதல் கூட்டத்தொடர் 1792 செப்டம்பர் 17இல் நியூவார்க்கில், அதாவது இன்றைய நயாகரா ஒன் த லேக்கில் தொடங்கி அக்டோபர் 15இல் முடிந்தது. நிறைவேறியது எட்டே எட்டு. பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை, ஒரு மாலையில் அத்தனையையும் படித்துவிடலாம். முதலாவது, சொத்து விவகாரத்திலும் சிவில் உரிமையிலும் இனி இங்கிலாந்துச் சட்டம். இரண்டாவது, ஜூரி விசாரணை. பிறகு அளவைகளுக்கு ஒரே தரம், தீ விபத்தைத் தடுப்பது, சிறு கடன்களை விரைவாக வசூலிப்பது. ஏழாவது, ஆலைக்காரர் அரைகூலியாகப் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது. எட்டாவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு சிறையும் நீதிமன்றக் கட்டடமும். மாவட்டங்களின் பெயர் மாறியதும் இதில்தான்.

இந்த எட்டில் ஊராட்சி பற்றி ஒன்றுமில்லை என்பதைக் கவனித்தீர்களா? உறுப்பினர்கள் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நியூயோர்க், நியூ இங்கிலாந்துப் பக்கமிருந்து வந்த குடியேறிகள் ஊர்க்கூட்டத்துக்குப் பழகியவர்கள். சொல்லப்போனால் சட்டம் வருவதற்கு முன்பே, 1790 ஏப்ரலில், கிரிம்ஸ்பி மக்கள் தாங்களாகவே கூடி வேலியின் உயரத்தையும் மாட்டுக்கு இடும் அடையாளங்களையும் பற்றி முடிவெடுத்திருக்கிறார்கள். சிம்கோவுக்கோ ஊர்க்கூட்டம் என்றாலே அமெரிக்கப் புரட்சியின் வாசனை. ஓராண்டு இழுத்துத்தான் விட்டுக்கொடுத்தார்.

ஊர்க்கூட்டச் சட்டத்தை வரிவரியாகப் படியுங்கள்

விட்டுக்கொடுத்ததன் விளைவுதான் 33 ஜோர்ஜ் III, அத்தியாயம் 2. எல்லாச் சட்டத்தையும் விட இதை மெதுவாகப் படிக்கச் சொல்வேன்.

ஆண்டுதோறும் மார்ச் முதல் திங்கட்கிழமை, வரி கட்டும் வீட்டுக்காரர்கள் தேவாலயத்திலோ வசதியான வேறோர் இடத்திலோ கூடவேண்டும். தேர்ந்தெடுக்கவேண்டியவர்கள்: ஒரு எழுத்தர், இரண்டு வரி மதிப்பீட்டாளர்கள், ஒரு வரி தண்டுபவர், இரண்டிலிருந்து ஆறு பேர் வரை வீதி மேற்பார்வையாளர்கள், கட்டாக்காலி மாடுகளை அடைத்து வைக்க ஒரு பட்டிக்காரர், அப்புறம் நகரக் காவலர்கள் இரண்டு பேர். வீதி பார்ப்பவர்களேதான் வேலித் தகராறும் தீர்க்கவேண்டும். நகரக் காவலர் என்றதும் பொலிஸ் என்று நினைக்காதீர்கள். ஊரின் பொதுச் சொத்துக்கும் ஆதரவற்றவர்களுக்கும் பொறுப்பானவர். 1799இல் வந்த இன்னொரு சட்டப்படி அநாதைப் பிள்ளைகளைத் தொழில் பழக ஒருவரிடம் ஒப்படைக்கும் வேலையும் அவர்கள் தலையில் விழுந்தது, அதற்கும் இரண்டு நீதவான்களின் சம்மதம் வேண்டும். முப்பது வீட்டுக்காரர்கூட இல்லாத டவுன்ஷிப் பக்கத்து ஊரோடு சேர்ந்து கூடவேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு மாட்டேன் என்றால் 40 ஷில்லிங் தண்டம்.

பார்க்க நல்ல உள்ளூர் ஜனநாயகம் மாதிரித்தான் இருக்கிறது. இப்போது அதே சட்டத்தை, ஊர் எதை எல்லாம் செய்ய முடியாது என்ற கேள்வியோடு மறுபடி படியுங்கள். கூட்டத்தைக் கூட்டுவது யார்? இரண்டு நீதவான்கள் உத்தரவு போட்டால்தான் கான்ஸ்டபிள் அறிவிப்பு ஒட்டுவார். ஊர் தானாக வரி போட முடியுமா? முடியாது. வீதி எங்கே போகவேண்டும் என்று தீர்மானிக்க முடியுமா? அதுவும் முடியாது. வேலி எத்தனை அடி உயரம், பன்றி அவிழ்த்துவிடலாமா கூடாதா, இவ்வளவுதான் ஊரின் சுய அதிகாரம். மற்றபடி அவர்கள் தேர்ந்தெடுத்த அதிகாரிகள் எல்லோரும் கணக்கை எடுத்துக்கொண்டு போய் நின்ற இடம் காலாண்டு நீதிமன்றம்.

இனி நீதவான்களிடம் போவோம்

ஆண்டுக்கு நான்கு முறை, மாவட்டத்தின் சமாதான நீதவான்கள் கூடும் அமர்வுதான் இந்தக் காலாண்டு நீதிமன்றம். பெயர் நீதிமன்றம், வேலை பாதி மாநகரசபை. காலையில் அடிதடி வழக்கு விசாரிப்பார்கள், பிற்பகலில் பாலத்துக்குக் காசு ஒதுக்குவார்கள். மதுக்கடை உரிமம், சிறைச் செலவு, கான்ஸ்டபிள் நியமனம், மாவட்டப் பொருளாளர், புதிய வீதி எல்லாம் இவர்கள் கையில். ஊரார் தேர்ந்தெடுத்த மதிப்பீட்டாளர் பட்டியல் போடுவார், தண்டுபவர் காசை வாங்குவார், காசு போய்ச் சேர்வது நீதவான்கள் நியமித்த பொருளாளரிடம். அதே வரிப் பணத்திலிருந்துதான் சட்டமன்ற உறுப்பினருக்கு நாளொன்றுக்கு 10 ஷில்லிங் வரை படியும் போனது.

அமர்வுக்கு வெளியிலும் நீதவானுக்கு வேலை நிறைய. 40 ஷில்லிங்குக்கு உட்பட்ட கடன் வழக்கு அவரிடம். 1793 திருமணச் சட்டப்படி 18 மைலுக்குள் இங்கிலாந்துத் திருச்சபைப் பாதிரியார் இல்லையென்றால் கல்யாணம் செய்து வைப்பதும் அவர்தான். ஆகவே குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் தேவாலயப் பதிவேட்டில் கிடைக்காத 1790களின் திருமணத்தை நீதவானின் தாள்களில் தேடவேண்டும். மெதடிஸ்ட் போதகர்களுக்கு 1831 வரை அந்த உரிமையே கிடைக்கவில்லை, இதையும் கணக்கில் வையுங்கள்.

இந்த நீதவான்களை நியமித்தவர் ஆளுநர். சம்பளம் கிடையாது, சில கட்டணங்கள் உண்டு. காசும் செல்வாக்கும் உள்ளவர்தான் இந்த வேலைக்கு வர முடியும் என்பது இதிலேயே தெரிந்துவிடும். வரி கட்டுகிறவன் ஒருவன், செலவழிக்கிறவன் வேறொருவன், கணக்குக் கேட்க வழியில்லை. பிற்பாடு மாகாணத்தில் எழுந்த அரசியல் சண்டைகளில் பாதிக்கு இதுதான் வேர் என்பது என் எண்ணம். பெரிய தலைவர்களின் பேச்சுகளைப் படிப்பதற்கு முன் ஒரு மாவட்டத்தின் காலாண்டுக் குறிப்பேட்டை இரண்டு மணி நேரம் புரட்டினால் கோபம் எங்கிருந்து வந்தது என்று தானாகப் புரியும்.

ஒரு சட்டத்தை முழுதாகப் பின்தொடர்ந்து பார்ப்போம்

தொடக்கத்தில் சொன்ன 1793 அடிமைச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம், 33 ஜோர்ஜ் III, அத்தியாயம் 7.

1793 மார்ச் 14இல் குளோயி கூலி என்ற கறுப்பினப் பெண்ணை வில்லியம் வ்ரூமன் என்பவர் கட்டிப் படகில் ஏற்றி நயாகரா ஆற்றுக்கு அப்பால் அமெரிக்கப் பக்கத்தில் விற்றார். அவள் கத்திப் போராடினாள். பீட்டர் மார்ட்டின் என்ற கறுப்பின வீரர் ஒரு வாரத்தில் நிர்வாகக் குழு முன்னால் வந்து இதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சிம்கோ, ஒஸ்குட், ரசல். வ்ரூமனைத் தண்டிக்க வழி கிடைக்கவில்லை, ஏனென்றால் அன்றைய சட்டப்படி அவள் அவருடைய சொத்து. அட்டர்னி ஜெனரல் ஜான் வைட் மசோதாவைக் கொண்டுவந்தார். பதினாறு உறுப்பினர்களில் குறைந்தது ஆறு பேர் அடிமை வைத்திருந்தவர்கள். பேரம் பேசித்தான் ஜூலை 9இல் நிறைவேறியது.

என்ன கிடைத்தது என்று பிரிவு பிரிவாகப் பாருங்கள். இனிப் புதிதாக அடிமைகளைக் கொண்டுவரக்கூடாது. ஏற்கெனவே அடிமையாக இருப்பவர் அப்படியேதான். இதற்குப் பின் பிறக்கும் பிள்ளை 25 வயதில் விடுதலை. ஆக, சட்டம் வந்த அன்று மாகாணத்தில் ஒருவருக்குக்கூட விடுதலை கிடைக்கவில்லை.

பலர் இதோடு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் இன்னும் கொஞ்சம் கீழே போங்கள். அந்தப் பிள்ளையின் பிறந்த நாளை எசமானர் மூன்று மாதத்துக்குள் ஊர் எழுத்தரிடம் பதியவேண்டும், பதிவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். மார்ச் முதல் திங்கட்கிழமை வேலி உயரத்தோடு சேர்த்துத் தேர்ந்தெடுத்தார்களே, அதே எழுத்தர். 25 ஆண்டு கழித்து விடுதலை கேட்கும் ஒருவருக்கு வயதைக் காட்ட இந்தப் பதிவுதான் கைகொடுக்கவேண்டும். ஒருவரை விடுவிக்க விரும்பும் எசமானர், அவர் ஊருக்குப் பாரமாக மாட்டார் என்று நகரக் காவலரிடம் பிணை கொடுக்கவேண்டும். ஒரு மனிதரின் விடுதலையை ஊர்ச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக்கி வைத்திருக்கிறார்கள். அத்தியாயம் 2ஐப் படிக்காமல் அத்தியாயம் 7 புரியாது என்று சொல்வது இதனால்தான்.

இப்போது பெயர்த் தாளை எடுங்கள். 1793இல் மார்ட்டினின் முறைப்பாட்டைக் கேட்ட அதே பீட்டர் ரசல், சிம்கோ 1796இல் போன பிறகு மாகாணத்தையே நிர்வகித்தவர், 1806இல் பெகி என்ற பெண்ணையும் அவளுடைய மகன் ஜூபிட்டரையும் விற்பனைக்கு என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார். சட்டத்தில் அதற்குத் தடை இல்லை. இடையில் 1798இல் குடியேறிகள் அடிமைகளைக் கொண்டுவர அனுமதிக்கும் மசோதா ஒன்று சட்டமன்றத்தில் நிறைவேறி மேலவையில் முடங்கியது. மக்கள் தேர்ந்தெடுத்த சபை பின்னால் போக, நியமன சபை தடுத்தது. பேரரசின் பெரும்பகுதியில் ஒழிந்தது 1834 ஆகஸ்ட் 1. குடியுரிமைக் கையேட்டின் அந்த ஒரு வரி பொய்யில்லை, ஆனால் அதை இப்படி விரித்துப் படித்தால்தான் அதன் எடை தெரியும்.

தேடும் இடமும் சில கைப்பழக்கங்களும்

அச்சிட்ட சட்டங்கள் இணையத்தில் வருடி வைத்திருக்கிறார்கள், தேடினால் கிடைக்கும். முதலில் அவற்றில் தலைப்புகளை மட்டும் படித்து ஒரு பட்டியல் போடுங்கள். அரசின் அறிவிப்புகளுக்கு அப்பர் கனடா கெசட் பத்திரிகை; 1793 ஏப்ரல் 18இல் லூயி ருவா என்ற அச்சாளர் தொடங்கியது. சட்டமன்றக் குறிப்பேடுகளில் சில ஆண்டுகள் கிடையாது. 1813 ஏப்ரலில் அமெரிக்கப் படை அன்றைய தலைநகரான யோர்க்கை, அதாவது இன்றைய ரொறன்ரோவைப் பிடித்தபோது பாராளுமன்றக் கட்டடமே எரிந்துபோனது. ஆகவே குறிப்பேட்டில் இல்லையென்றால் விவாதமே நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

ஹோம் மாவட்டக் காலாண்டு நீதிமன்றத்தின் 1800 முதல் 1811 வரையான குறிப்புகள் அச்சில் வந்துள்ளன. யோர்க் ஊர்க்கூட்டக் குறிப்புகளும் குடியிருப்பாளர் பட்டியல்களும் 1797இலிருந்து கிடைக்கின்றன. ரொறன்ரோ ரெஃபரன்ஸ் நூலகமும், யோர்க் பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கும் ஒன்ராறியோ ஆவணக் காப்பகமும்தான் போகவேண்டிய இடங்கள். போகும் முன்பு டவுன்ஷிப், மாவட்டம், ஆண்டு மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். "பழைய ஸ்காபரோ பற்றி ஏதாவது" என்று கேட்டால் அங்கே இருப்பவர்களாலும் உதவ முடியாது.

காசுக் கணக்கில் கவனம். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண், இதுவரை சுலபம். ஆனால் ஹாலிபக்ஸ் கணக்கில் ஒரு ஸ்பானிய டொலருக்கு 5 ஷில்லிங், யோர்க் கணக்கில் (இது நியூயோர்க்கிலிருந்து வந்த கணக்கு) 8. கடைக்காரர் பேரேட்டில் இருக்கும் ஷில்லிங்கும் நீதிமன்றத் தாளில் இருக்கும் ஷில்லிங்கும் ஒன்றாக இராது. எந்தக் கணக்கு என்று தெரியாமல் கூட்டல் போடாதீர்கள்.

ஊர்க்காரர்களின் குரல் நேரடியாக வேண்டுமென்றால் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த ரொபர்ட் கூர்லே 1817இல் ஒவ்வொரு டவுன்ஷிப்புக்கும் அனுப்பிய 31 கேள்விகளுக்கு வந்த பதில்களைப் படியுங்கள். கடைசிக் கேள்வி, உங்கள் ஊரின் முன்னேற்றத்தைத் தடுப்பது எது என்பது. முடியாட்சிக்கும் திருச்சபைக்கும் ஏழில் ஒரு பங்கு வீதம் ஒதுக்கிய நிலமும், எங்கோ இருப்பவர்கள் வாங்கிச் சும்மா போட்டிருக்கும் நிலமும் என்று ஊருக்கு ஊர் பதில் வந்தது. காடாகக் கிடக்கும் அந்த நிலத்துக்கு முன்னால் யார் வீதி போடுவார்கள்? கேள்வி கேட்டவரை 1819இல் மாகாணத்தை விட்டே துரத்திவிட்டார்கள்.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. 1834இல் யோர்க் ரொறன்ரோ நகரமாகித் தனக்கென்று சபையும் மேயரும் பெற்றுவிட்டதால் நகரத்துக்குள் அந்த ஆண்டிலிருந்தே வேறு ஆவணத் தொகுதி. டவுன்ஷிப்புகளுக்கு 1835இல் கொஞ்சம் அதிகாரம் கொடுத்து, அரசுக்கு எதிரான 1837 கிளர்ச்சிக்குப் பிறகு 1838இல் பறித்துக்கொண்டார்கள். 1841இல் மாவட்ட சபைகளுக்கான சட்டம் வந்தது, உறுப்பினர்கள் தேர்தலில், தலைவர் மட்டும் அரசின் நியமனம். சீர்திருத்தத் தலைவர் ரொபர்ட் பால்ட்வினின் நகராட்சிச் சட்டம் 1849இல் நிறைவேறி 1850 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் டவுன்ஷிப்புக்குச் சொந்தமாக, தேர்ந்தெடுத்த சபை முழு அளவில் கிடைத்தது. அந்தத் தேதிக்குப் பிறகு வீதியையோ வரியையோ தேடுகிறவர்கள் நீதவான்களின் குறிப்பேட்டை விட்டுவிட்டு நேராக டவுன்ஷிப் சபையின் தீர்மானப் புத்தகத்துக்குப் போகலாம்.